லெஸ்யா விழுங்காத மாத்திரைகள்

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்கதானே?" என்று டாக்டர் ஒபியோரா கேட்பார். கேட்கும்போதே அவர் விரல்கள் கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருக்கும்.

"சாப்பிடுறேன் டாக்டர்" என்பாள் லெஸ்யா பவ்லுக்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். பொய் சொல்லிப் பழகியவள் இல்லை அவள். அவளுடைய பள்ளிப் பேருந்தில் ஏறும் பிள்ளைகள் கத்தலாம், பாடலாம், ஒருத்தர் தொப்பியை ஒருத்தர் பிடுங்கி எறியலாம். பொய் சொன்னால் மட்டும் முன்சீட்டுக்கு வந்து அவள் கண்ணெதிரே உட்கார வேண்டும். அப்படிப்பட்டவள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு நல்ல மனுஷரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கனடாவின் மனிடோபாவில், டாஃபின் ஊருக்கு வடக்கே கோதுமைக் காடுகளுக்கு நடுவே போகும் தடம் அவளுடையது. பனிக்காலத்தில் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். என்ஜினைச் சூடாக வைத்திருக்கும் கம்பியைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி, கடைசிப் பண்ணை வரை போய் அங்கிருந்து ஒவ்வொரு வாசலாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்புவாள். பள்ளிக்கூடம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அது விதி. விதி இல்லாவிட்டாலும் அவள் இறங்கியிருக்க மாட்டாள்.

அவளுக்கு ரத்த அழுத்தம் இருப்பது ஓட்டுநர்களுக்கான வருடாந்திரப் பரிசோதனையில்தான் தெரிந்தது. டாக்டர் ஒபியோரா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, "காலைல எந்திரிச்சதும் ஒண்ணு" என்றார். வெளியே காத்திருந்த கூட்டத்தில் இரண்டு கைக்குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. அது சிறுநீரை அதிகமாகப் பிரிய வைக்கும் மருந்து கலந்த மாத்திரை என்று அவர் சொன்னாரோ, சொல்லி இவள் காதில் விழவில்லையோ, அது யாருக்கும் ஞாபகமில்லை.

இரண்டாவது வாரம் ஒரு நாள், பாதி வழியில் அடிவயிறு முட்டியது. அன்றைக்குப் பார்த்து ரோட்டில் உறைபனி, வேகமாகப் போக முடியவில்லை. முன்சீட்டில் இருந்த சிறுமி ஒருத்தி அவள் முதுகுக்குப் பின்னால் விடாமல் பாடிக்கொண்டே வந்தாள். லெஸ்யா பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளி வாசல் வரை கொண்டுவந்து சேர்த்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி, கடைசிப் பிள்ளை படியில் காலை வைத்தபோது அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. இருக்கை நனைந்தது. ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தக் குளிரில் வெறும் ஸ்வெட்டரோடு வீட்டுக்கு ஓட்டி வந்தாள். இருக்கையை வினிகர் விட்டுத் தேய்த்துக் கழுவி, ஜன்னல்களைத் திறந்து காயவிட்டு, சாயங்காலம் எதுவும் நடக்காதவள்போல மறுபடி ஓட்டினாள்.

கணவன் ஒரெஸ்டிடம்கூடச் சொல்லவில்லை. ஒரெஸ்ட் நல்லவன்தான். ஆனால் முதலில் சிரித்துவிட்டுத்தான் வருத்தப்படுவான். அவன் சிரித்த விஷயம் ஒரு வாரத்துக்குள் ஊர்க் காபிக்கடைக்குப் போய்விடும்.

மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிப் பார்த்தாள். தூக்கம் கெட்டது. மறுநாள் வண்டி ஓட்டும்போது கண் செருகியது. பின்னால் இருக்கும் பிள்ளைகளை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அன்றோடு மாத்திரையை நிறுத்தினாள்.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் மாத்திரை கொடுக்கும் அதே கைதான் அவள் பஸ் ஓட்டத் தகுதியானவள் என்று லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதித் தரும் கையும். அவளோடு ஓட்டிக்கொண்டிருந்த வெர்ன் என்பவனுக்குச் சர்க்கரை ஏறி லைசென்ஸ் போனது. இப்போது அவன் காலையிலேயே காபிக்கடை ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து, போகிற வருகிற மஞ்சள் பஸ்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் லெஸ்யாவுக்கு வாய் அடைத்துப்போகும்.

அழுத்தம் குறையாததைப் பார்த்து டாக்டர் இரண்டாவது மாத்திரை சேர்த்தார். அதைச் சாப்பிட்டதும் கணுக்கால் வீங்கி, பனிக்காலப் பூட்ஸின் ஜிப் மேலே ஏற மறுத்தது. அதையும் விட்டாள். மூன்றாவதாக ஒன்று வந்தது. அதன் மூடியைக்கூட அவள் திறக்கவில்லை. மருந்துக்கடையிலிருந்து மாதாமாதம் தவறாமல் வாங்கி வந்து, அடுப்படி இழுப்பறையில் துணிகளுக்கு அடியில் போட்டுவிடுவாள்.

"உங்க பிரஷர் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது லெஸ்யா" என்றார் டாக்டர் ஒரு நாள். "மூணு மாத்திரைக்கும் அசையலன்னா கிட்னில ஏதாவது இருக்கலாம். வின்னிபெக் போய் ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்துடுங்க."

அவள் வின்னிபெக் போனாள். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். சிறுநீரகம் இரண்டும் முத்துப் போல இருக்கின்றன என்றார்கள். திரும்பும் வழியெல்லாம் ஒரெஸ்ட் விசிலடித்துக்கொண்டே ஓட்டினான். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஜனவரியில், பழைய நாட்காட்டிப்படி அவர்கள் சபை கொண்டாடும் கிறிஸ்துமஸ் அன்று, கோயில் கூடத்து விருந்துக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஹோலோப்சி செய்திருந்தாள். முட்டைக்கோஸ் இலையில் சோறு பொதிந்து சுருட்டி, தக்காளிச் சாற்றில் வேகவைத்தது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துப் படியில் கால் வைத்தவள், பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். ஒரு கையால் பாத்திரத்தை அணைத்துக்கொண்டே விழுந்ததால் மொத்த எடையும் இன்னொரு கையில் இறங்கி, மணிக்கட்டு முறிந்துபோனது.

"ஒரு ஹோலோப்சி சிதறணுமே? ம்ஹூம்!" என்று ஆஸ்பத்திரியில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னான் ஒரெஸ்ட்.

எலும்பை நேராக்கி உலோகத் தகடு வைத்தார்கள். அன்று சாயங்காலம் வார்டில் வேலையில் இருந்த நர்ஸ் ஷெல்பி. சின்ன வயதில் லெஸ்யாவின் பஸ்ஸில் போய் வந்த பெண். ஒரு சின்னக் கோப்பையில் மூன்று மாத்திரைகளோடு வந்தாள்.

"உங்க பிரஷர் மாத்திரை மிசஸ் பவ்லுக். அப்பா, நூத்தித் தொண்ணூறு இருக்கு உங்களுக்கு! வீட்ல சாப்பிடுறதேதான், மூணும்."

லெஸ்யா கோப்பையையே பார்த்தாள். "அப்புறமா சாப்பிடுறேனே, கண்ணு."

"அப்புறமாவா! சூயிங்கத்தைத் துப்புன்னு சொல்லிட்டு, நாங்க துப்புற வரைக்கும் பஸ்ஸை எடுக்காம உக்காந்திருப்பீங்களே, ஞாபகம் இருக்கா? இன்னைக்கு என் முறை. நீங்க முழுங்குற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, 'இதுல ஒண்ணைக்கூட நான் சாப்பிடுறதில்ல' என்று சொல்ல லெஸ்யாவுக்கு நாக்கு எழவில்லை. மூன்றையும் விழுங்கினாள். மறுநாள் காலை மறுபடி மூன்று. காலை உணவு முடிந்து கழிப்பறைக்குப் போக எழுந்தவளுக்குக் கண் இருண்டது. ஷெல்பி ஓடி வந்து தாங்கிப் பிடிக்காமல் இருந்திருந்தால் இன்னொரு கையும் முறிந்திருக்கும்.

டாக்டர் ஒபியோரா வந்தபோது அவள் கால்களைத் தலையணை மேல் உயர்த்தி, கையில் சலைன் ஏற்றியிருந்தார்கள். நூற்றுத் தொண்ணூறில் இருந்த அழுத்தம் எண்பதுக்கு விழுந்திருந்தது. அவர் எண்களைப் பார்த்தார். மாத்திரை கொடுத்த நேரங்களைப் பார்த்தார். பிறகு மறுபடி எண்களைப் பார்த்தார்.

தான் வீட்டில் மாத்திரையே சாப்பிடவில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது என்று லெஸ்யாவுக்கும் விளங்கிவிட்டது.

ஒரெஸ்ட் நாற்காலியிலிருந்து எழுந்தான். "டாக்டர், இவ ஒருநாள்கூட மாத்திரையை விட்டதில்ல. நான் சாட்சி. கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்."

"சத்தியமெல்லாம் வேணாம் ஒரெஸ்ட். கீழ போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க."

"இங்க விக்கிற காபியா? அது பாத்திரம் கழுவின தண்ணி டாக்டர்."

"அதான். மெதுவா குடிங்க."

ஒரெஸ்ட் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். டாக்டர் நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் கணினி இல்லை. அத்தனை வருடத்தில் அவர் முகம் முழுதாகத் தன் பக்கம் திரும்பியிருப்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"லெஸ்யா, உங்களைத் திட்ட வரல. நான் கேட்ட கேள்வியே கோளாறு. 'ஒழுங்கா சாப்பிடுறீங்கதானே'ன்னு கேட்டா, மனுஷி 'ஆமா'ங்கிறதைத் தவிர வேற என்ன சொல்லுவா? நான் எழுதிக் கொடுக்குறதுல பாதி யார் யார் வீட்லயோ மூலையில கெடக்குன்னு எனக்கே தெரியும். ஆனா உங்க பஸ்ஸு பனிப்புயல்லகூட நேரம் தப்பாம வருது. அதனால மாத்திரையும் அப்படித்தான் போகுதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

அவள் போர்வையின் நுனியை நல்ல கையால் நீவினாள்.

"இப்ப வேற மாதிரி கேக்குறேன். இந்த மூணுல உங்களுக்கு ஒத்துவராதது எது? எங்க இடிக்குது?"

"என் லைசென்ஸு?" என்றாள். அதுதான் முதலில் வெளியே வந்தது.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "பிரஷர் இதே மாதிரி ஏறியே நின்னுச்சுன்னா நான் எழுதித்தான் ஆகணும். அதுல உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரை சாப்பிடலன்னு என்கிட்ட உண்மையைச் சொன்னதுக்காக ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன். எப்படியும் அந்தக் கை கூடுற வரைக்கும் நீங்க பஸ் ஓட்டப்போறதில்ல. அந்த நாளை நாம பயன்படுத்திக்கலாம். என்ன சொல்றீங்க?"

லெஸ்யா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். உறைபனி, நடுவழி, பாட்டுப் பாடிய சிறுமி, நனைந்த இருக்கை, வினிகர் எல்லாவற்றையும். சொல்லி முடித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். சிரிப்பாரோ என்று பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. பாவம் என்று உச்சுக்கொட்டவும் இல்லை.

"வழியில எங்கயும் டாய்லெட் கிடையாதா?"

"வழியில என்ன டாக்டர் இருக்கு? வேலி இருக்கு. மாடு இருக்கு."

"பஸ் ஓட்டுறவங்கன்னு எனக்குத் தெரியும். வருஷா வருஷம் கையெழுத்துப் போடுறவனே நான்தான். இருந்தும் காலைல சாப்பிடுங்கன்னு இதைக் கொடுத்திருக்கேன் பாருங்க." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அய்யோ, உங்களை வின்னிபெக் வரைக்கும் அனுப்பினேனே!"

"போயிட்டு வந்தேன்."

"போயிட்டு வேற வந்தீங்க!"

"கிட்னி நல்லா இருக்காம்."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பீறிட்டது. அவளுக்குச் சிரிக்கச் சிரிக்கக் கை வலித்தது. வலியில் கண்ணீர் வந்தது. பிறகு அது வேறு கண்ணீராகவும் ஆனது. அவர் மேசையிலிருந்த டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

அப்புறம் ஒவ்வொரு மாத்திரையும் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று சொன்னார். கால் ஏன் வீங்கியது என்று சொன்னார். அழுத்தம் இப்படியே இருந்தால் மூளையில் ரத்தக்குழாய் அடைக்கவோ வெடிக்கவோ கூடும், அது எங்கே எப்போது என்று கேட்டுக்கொண்டு வராது என்றும் சொன்னார். அவள் பின்சீட்டு வரை நிறைந்திருக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டாள்.

"ஆனா எனக்கு ஒரு தலைவலிகூட இல்லையே டாக்டர்."

"அதான் அதோட குணம். சத்தமே போடாது." மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார். "மூணையும் நிறுத்திடுறேன். ஒண்ணே ஒண்ணு, குறைஞ்ச அளவுல ஆரம்பிக்கலாம்னு நெனைக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டோட. நீர் அதிகமா போகாது, கால் வீங்காது. உங்க நாளுக்கு இது சரிப்படுமான்னு நீங்கதான் சொல்லணும்."

"ராத்திரின்னா சரிப்படும்."

"சிலருக்கு இதுல வறட்டு இருமல் வரும். வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பொறுத்துக்குவேன்."

"தப்பு."

"நிறுத்திடுவேன்."

"அதுவும் தப்பு."

லெஸ்யா யோசித்தாள். "உங்களுக்குப் போன் பண்ணுவேனா?"

"அப்படிச் சொல்லுங்க! உதடோ நாக்கோ வீங்கினா மட்டும் போனெல்லாம் கிடையாது, நேரா இங்க எமர்ஜென்சிக்கு வந்துடணும். இப்ப நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்லுங்க. உங்களுக்குப் பரீட்சை இல்ல இது. நான் புரியிற மாதிரி சொன்னேனான்னு எனக்குத் தெரியணும்."

அவள் சொன்னாள். ஒரு இடத்தில் தடுமாறியதை அவர் மறுபடி எடுத்துச் சொன்னார். இரண்டாம் தடவை தடுமாறவில்லை.

ஒரெஸ்ட் முகத்தைச் சுளித்தபடி திரும்பி வந்தபோது டாக்டர் கிளம்பிப் போயிருந்தார். லெஸ்யா அவனைக் கட்டில் விளிம்பில் உட்காரச் சொல்லி, "நான் மாத்திரையே சாப்பிடல ஒரெஸ்ட். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"போன வசந்தத்துல கயிறு தேடி அந்த இழுப்பறையைத் திறந்தேன். மருந்துக்கடையே உள்ள இருந்துச்சு."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." அவன் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டான். "கேட்டா நீ பொய் சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு. உனக்குப் பொய் வராது. வராத ஒண்ணை உன்னைச் செய்ய வைக்க மனசு வரல."

அவள் நல்ல கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பஸ்ஸில் நடந்ததை அவனிடமும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு வருத்தப்பட்டான். காபிக்கடையில் சொல்லவில்லை.

புது மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரம் இருமல் வந்தது. தொண்டையில் இறகை வைத்துத் தடவுவதுபோல் ஒரு வறட்டு இருமல். தேன் குடித்தாள், உப்புத்தண்ணீர் கொப்பளித்தாள். ஒரு மத்தியானம் போனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும், இந்த இருமலுக்காகவா என்று திரும்பினாள். மறுபடி போய் எடுத்தாள். கிளினிக்கில் பேசிய பெண்ணிடம் விவரத்தைச் சொல்லிவிட்டு வைத்தாள். அரை மணி நேரத்தில் டாக்டரே கூப்பிட்டார். எதையோ மென்றுகொண்டிருந்தார், மத்தியானச் சாப்பாடாக இருக்க வேண்டும்.

"சொல்லுங்க லெஸ்யா. இருமலா?"

"ஆமா டாக்டர். நீங்க சொன்ன மாதிரியே. தொந்தரவு பண்ணிட்டேனோ?"

"உதடு, நாக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"நல்லது. இதை இன்னைக்கோட விட்டுடுங்க. இதோட பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இன்னொரு மாத்திரை இருக்கு, அது இருமல் தராது. இப்பவே மருந்துக்கடைக்குச் சொல்லிடுறேன்." மென்றதை விழுங்கினார். "ரொம்ப நன்றி லெஸ்யா."

"எதுக்கு, இருமலுக்கா?"

"போன் பண்ணினதுக்கு. நீங்க சொல்லலன்னா நான் இருட்டுல கல்லெறிஞ்சிட்டேதான் இருப்பேன்."

போனை வைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். தன் உடம்பைப் பற்றித் தனக்குத் தெரிந்தது ஒரு படித்த மனுஷருக்கு உதவும் என்று அதுவரை அவள் நினைத்ததே இல்லை. பிறகு இழுப்பறையைத் திறந்து, சேர்ந்திருந்த பாட்டில்களையெல்லாம் ஒரு பையில் போட்டு, மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, புது மாத்திரையை வாங்கி வந்தாள்.

கைக்கட்டைப் பிரித்து, கைக்குப் பலம் வருவதற்குள் மார்ச் வந்துவிட்டது. அன்று கிளினிக்கில் டாக்டர் அவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். நூற்று முப்பத்திரண்டு. இன்னொரு கையிலும் அதேதான்.

"ஓட்டுங்க" என்றார். பஸ் ஓட்டத் தகுதி உண்டு என்று கையெழுத்துப் போட்டார்.

வரும் வழியில் நன்றி சொல்ல நான்கைந்து வாக்கியங்களைக் கோத்து வைத்திருந்தாள். அந்த நேரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "சரி டாக்டர்" என்று மட்டும் சொல்லி எழுந்து, கதவு வரை போய், திரும்பி வந்து, மேசைக்கு மேலே கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். புதிதாய்க் கூடிய கை. அழுத்திப் பிடிக்க இன்னும் கொஞ்சம் வலித்தது. இருந்தாலும் அழுத்தித்தான் பிடித்தாள்.

"நீங்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்தீங்க பாருங்க" என்றாள்.

"இப்ப எல்லாரையும் அப்படி உக்காந்துதான் கேக்குறேன்" என்றார் அவர். "நாள் முடிய ரொம்ப நேரமாயிடுது. வீட்ல திட்டு விழுது. அடுத்தது ஒரெஸ்டை வரச் சொல்லுங்க, அவரையும் கேக்கணும்."

"அவனா? அவன் தன் மாத்திரை எல்லாத்தையும் ஒரே வாய்ல போட்டு, மேல பீரைக் குடிப்பான் டாக்டர்."

"அய்யோ. நாளைக்கே வரச் சொல்லுங்க."

ஒரெஸ்ட் வந்தான். அவன் கதை ஒரு மணி நேரம் ஓடியது. ஆனால் அது வேறு கதை.

வசந்தம் வந்து வயல்களில் பனி கரைந்து தண்ணீர் நின்றது. லெஸ்யா பஸ்ஸுக்குத் திரும்பினாள். பிள்ளைகள் அவளுடைய தழும்பைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள். வெர்னின் ஜன்னலைத் தாண்டும்போது அவளும் நன்றாகக் கையை உயர்த்திக் காட்டினாள். ஒரு சனிக்கிழமை அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்து, சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது, யாரிடம் காட்டுகிறாய், லைசென்ஸைத் திரும்பக் கேட்டுப் பார்த்தாயா என்று விசாரித்தாள். கேட்கலாம் என்றே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு முன்னால், நோயாளிகளுக்காகவும் வேண்டியவர்களுக்காகவும் மெழுகுவத்தி ஏற்றும் மணல் தட்டின் முன்னே போய் நின்றாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கு ஒன்று, ஒரெஸ்டுக்கு ஒன்று, வழக்கம்போல. மூன்றாவதாக ஒன்றை ஏற்றியபோது ஒரெஸ்ட் எட்டிப் பார்த்தான்.

"இது யாருக்கு?"

"டாக்டருக்கு."

"அவர் கத்தோலிக்கர் ஆச்சே. நம்ம சபை இல்லையே."

"மெழுகுவத்திக்கு அதெல்லாம் தெரியாது. சும்மா இரு."

ஒரெஸ்ட் சும்மா இருந்தான். பிறகு கையை நீட்டி, லேசாகச் சாய்ந்திருந்த அந்த மெழுகுவத்தியை மணலில் நன்றாக அழுத்தி நிமிர்த்தி வைத்தான். இருவரும் போய்த் தங்கள் இடத்தில் நின்றார்கள்.